உறையும்போது செல் வெடிக்கிறதா? கிரையோனிக்ஸில் பனிச்சேதம் பற்றி ஒரு சந்தேகம்

பிழைதிருத்தி எழுதியது:

வணக்கம். நான் அறிவியல் படித்தவன் அல்லன். முப்பது ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துவதுதான் தொழில். இப்போது மேசையில் இருப்பது கிரையோனிக்ஸ் பற்றிய ஒரு கட்டுரை. இறந்தவரின் உடலையோ தலையை மட்டுமோ −196 டிகிரி செல்சியஸில், திரவ நைட்ரஜனில் வைத்துவிட்டு, எழுப்பத் தெரிந்த மருத்துவம் என்றாவது வரும் என்று காத்திருக்கிறார்களே, அதைப் பற்றியது. அதில் ஒரு வாக்கியம் மூன்று நாளாக என்னை விடவில்லை:

"உறையும்போது நீர் 9 சதவீதம் விரிவதால், ஃப்ரீசரில் மறந்துபோன கண்ணாடிப் பாட்டிலைப் போல ஒவ்வொரு செல்லும் வெடித்துச் சிதறுகிறது, இதைத் தடுக்கவே ரத்தத்தை வெளியேற்றி உறைவெதிர்ப்பியை ஏற்றுகிறார்கள்."

ஒற்றுப்பிழைகூட இல்லை. ஆனால் படிக்கும்போது பல்லில் கல் கடிபடுகிறது. பாட்டில் விறைப்பானது, வளையாது, அதனால் வெடிக்கிறது. செல்லின் சவ்வு அப்படியா? 9 சதவீதம் பருப்பதற்கா அது கிழிந்துவிடும்?

சந்தேகம் தாளாமல் ஒரு காரியம் செய்தேன். ஒரே ரோஜாவிலிருந்து இரண்டு இதழ்கள். ஒன்றைத் தண்ணீரிலும் மற்றொன்றைப் பாதித் தண்ணீர், பாதி கிளிசரின் கலந்த கிண்ணத்திலும் போட்டு, இரண்டையும் வீட்டு ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் தண்ணீர்க் கிண்ணம் பாறையாகியிருந்தது; உருகிய பின் அந்த இதழ் ஈரக் காகிதம்போல் கையில் துவண்டது, நிறம் தண்ணீரில் இறங்கிவிட்டது. இதுவரை கட்டுரையாளர் பக்கம்தான். கிளிசரின் கிண்ணமோ உறையவே இல்லை. சாய்த்தால் எண்ணெய்போல் மெல்ல நகர்ந்தது. ஆனால் அதில் கிடந்த இதழும் பிழைக்கவில்லை. சுருங்கிச் சுருக்கம் விழுந்திருந்தது. நல்ல தண்ணீரில் போட்டால் நிமிரும் என்று நினைத்துப் போட்டேன். அங்கங்கே கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் திட்டுகள் தோன்றித் தொய்ந்துவிட்டது.

ஒரு துளிகூடப் பனிக்கட்டி உருவாகவில்லையே, இதைக் கொன்றது யார்? அந்த வாக்கியத்தை அப்படியே விடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

---

அவசரக்காரன் எழுதியது:

ஐயா, இது எளிது. வீட்டு ஃப்ரீசர் மிக மெதுவாகக் குளிர்விக்கிறது; படிகம் வளர நேரம் கிடைத்துவிடுகிறது. நேராகத் திரவ நைட்ரஜனில் முக்கினால் நீர் மூலக்கூறுகள் வரிசை கட்டுவதற்குள் அப்படியே நின்றுவிடும். ரசாயனமே தேவையில்லை. பிறகு, அண்டார்டிகா கடலில் உறையாத மீன்கள் இருக்கின்றன. அவற்றின் ரத்தத்தில் உள்ள புரதத்தை எடுத்து மனிதனுக்கு ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. இதை ஏன் இன்னும் செய்யவில்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை.

---

குளிர்ப்பேழை எழுதியது:

பிழைதிருத்தி ஐயாவுக்கு வணக்கம். நான் கருத்தரிப்பு ஆய்வகத்தில் கருவியல் வல்லுநராக இருக்கிறேன். கருமுட்டைகளையும் கருக்களையும் உறைநிலைக்குக் கொண்டுபோவதும் திரும்ப எழுப்புவதும் என் அன்றாட வேலை. கிரையோனிக்ஸில் எனக்கு நம்பிக்கையும் இல்லை, பகையும் இல்லை. பனியோடு மட்டும் பத்தொன்பது வருடப் பழக்கம் உண்டு.

உங்கள் சந்தேகம் நியாயமானது. "வெடிக்கிறது" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

முட்டைகளைப் பழைய முறையில், மெதுவாக உறையவைத்த காலத்தில் நான் பயிற்சி பெற்றேன். மெல்லிய குழாய்க்குள் கரைசல். அதில் ஒரு முட்டை. கருவி அதை −7 டிகிரிக்குக் கொண்டுவந்து நிறுத்தும். கரைசல் அப்போதும் திரவமாகத்தான் இருக்கும். திரவ நைட்ரஜனில் நனைத்த இடுக்கியால் குழாயின் ஓரத்தை, முட்டையிலிருந்து தள்ளி, ஒரு கணம் தொட வேண்டும். தொட்ட இடத்தில் வெண்மை பூத்துக் குழாய் நெடுகப் பரவும். இதற்கு "விதைத்தல்" என்று பெயர். பனியைத் தடுப்பதற்கு மாறாக, நாங்களே கூப்பிட்டு உட்காரவைக்கிறோம்! ஏனென்றால் அது செல்லுக்கு வெளியே, நாங்கள் சொன்ன இடத்தில் உருவாக வேண்டும். அதன் பிறகு நிமிடத்துக்கு 0.3 டிகிரி என்ற ஆமை வேகத்தில் குளிர்வித்துக்கொண்டே போவோம்.

வெளியே பனி உருவாகும்போது தூய நீர் மட்டும்தான் படிகமாகிறது. உப்பு முழுவதும் மிச்சத் திரவத்தில் தங்கிவிடும். −10 டிகிரிக்கு வருவதற்குள் அந்த மிச்சத் திரவம் உடல் திரவத்தைவிட ஏறத்தாழ 15 மடங்கு உப்பாகிவிடுகிறது. உப்பு நீரில் போட்ட எந்தச் செல்லும் என்ன செய்யும்? உள்ளிருக்கும் நீரை வெளியே விட்டுச் சுருங்கும். ஆக, மெதுவாக உறையும் செல்லுக்கு வெடிக்க நேரும் நிலையே வருவதில்லை, அது வற்றிப்போகிறது. உப்பில் ஊறிச் சவ்வு பழுதாகி, வளரும் பனிச்சுவர்களுக்கு நடுவில் நசுங்குகிறது.

வேகமாகக் குளிர்வித்தால் கதை வேறு. நீர் வெளியேற அவகாசம் இல்லாமல் செல்லுக்கு உள்ளேயே பனி உண்டாகிறது. குளிரூட்டும் மேடை வைத்த நுண்ணோக்கியில் இதைப் பார்த்திருக்கிறேன்: தெளிவாக இருந்த செல் கண்ணிமைக்கும் நேரத்தில் கறுத்துவிடும். உள்ளே ஆயிரம் சிறு படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் கறுப்பு. அப்படிக் கறுத்த செல் திரும்புவது அபூர்வம். மெதுவாகப் போனால் உப்பும் வறட்சியும், வேகமாகப் போனால் உட்பனி என்ற இந்த இரட்டைப் பொறியை 1970களில் ஒழுங்காக விளக்கியவர் பீட்டர் மேசர். எந்த வேகம் சரி என்பது செல்லுக்குச் செல் மாறும். ரத்த ஸ்டெம் செல்லுக்கு நிமிடத்துக்கு 1 டிகிரி போதும். சிவப்பணுவுக்கு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான டிகிரி கேட்கும். மூளையில் எத்தனை வகைச் செல், எத்தனை வகை இழை! எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு வேகத்தை எங்கே போய்த் தேடுவது?

அதனால்தான் இந்தத் துறை, பனியோடு பேரம் பேசுவதை விட்டுவிட்டுப் பனியே இல்லாத வழிக்குப் போனது. கரைசலில் உறைகாப்புப் பொருள் (உங்கள் கட்டுரையின் உறைவெதிர்ப்பி; நாங்கள் சுருக்கமாக மருந்து என்போம்) போதிய அளவு இருந்தால், குளிரக் குளிர அது பாகுபோல் இறுகி இறுகிக் கடைசியில் படிகமாகாமலே கண்ணாடியாகிவிடும். மூலக்கூறுகள் வரிசையில் நிற்காமல், நின்ற இடத்தில் நின்றபடியே அசைவிழக்கும். இதைக் கண்ணாடியாக்கம் என்கிறோம். 1985இல் ராலும் ஃபாகியும் எலிக் கருக்களை இப்படி −196 டிகிரிக்குக் கொண்டுபோய் உயிரோடு மீட்டார்கள். இன்று எங்கள் ஆய்வகத்தில் முட்டைக்கு இதுதான் முறை. கிரையோனிக்ஸ்காரர்களும் இதைத்தான் பின்பற்றப் பார்க்கிறார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது இதழ். அதைக் கொன்றது நீங்கள்தான், கோபிக்க வேண்டாம். பாதிக்குப் பாதி கிளிசரினில் எடுத்த எடுப்பில் போட்டீர்கள். கிளிசரின் உள்ளே நுழைவதைவிட நீர் வெளியே ஓடுவது வேகம். அதனால் சுருங்கியது. பிறகு நல்ல தண்ணீரில் போட்டீர்கள். இப்போது நீர் உள்ளே பாய்ந்து செல்கள் உடைந்தன. முட்டைக்கு நாங்கள் முதலில் 7.5 சதவீத எத்திலீன் கிளைக்காலும் அதே அளவு டைமெத்தில் சல்பாக்சைடும் கலந்த மென்கரைசல்தான் கொடுப்போம். நுண்ணோக்கியில் பார்த்தால், வட்டமாக இருந்த முட்டை காற்றிறங்கிய பந்துபோல் ஒடுங்கும். பொறுத்திருந்தால் மருந்து உள்ளே போகப் போக மெல்ல மெல்ல மீண்டும் உருண்டு நிரம்பும். அந்த நிரம்பலைப் பார்த்த பிறகுதான் இரட்டைச் செறிவுள்ள கரைசலுக்கு மாற்றுவோம். அதில் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வைப்பதில்லை. மேலே இருந்தால் மருந்தே நஞ்சு.

தம்பி அவசரக்காரனுக்கு: மீன் யோசனை நல்லதுதான், ஐம்பது வருடம் தாமதமாக வந்திருக்கிறது. அந்தப் புரதங்களை ஆர்தர் டெவ்ரீஸ் 1960களிலேயே பிரித்தெடுத்துவிட்டார். அவை பனிப்படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைத் தடுப்பவை. மீனுக்கு அது போதும், ஏனென்றால் அந்தக் கடலே −1.9 டிகிரிக்குக் கீழே போகாது. நமக்கு −130 வரை போக வேண்டும். அவ்வளவு ஆழத்தில் அந்தப் புரதத்தை மட்டும் நம்பினால், தடுக்கப்பட்ட படிகம் பக்கவாட்டில் வளர முடியாமல் ஊசியாக நீண்டு செல்லைக் குத்தும். ஆனாலும் யோசனை வீண்போகவில்லை. அதே வேலையைச் செய்யும் செயற்கைப் பாலிமர்களைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அதில் ஒன்று பசையில் இருக்கும் பாலிவினைல் ஆல்கஹால் இனம்.

---

பிழைதிருத்தி எழுதியது:

அம்மா, மிக்க நன்றி. குற்றவாளி நான்தான் என்று தெரிந்தது ஒருவகையில் ஆறுதல்.

ஒரு ஐயம். முட்டையில் முடிகிறது, கருவில் முடிகிறது என்றால் அதே கரைசலை அதிகமாகச் செய்து மூளைக்கு ஏற்றினால் என்ன? கட்டுரையில் இரண்டாம் பக்கத்தில் "கருக்களில் வெற்றி பெற்ற அதே தொழில்நுட்பம் முழு மனிதனுக்கும்" என்று இருக்கிறது. அந்த "அதே" என்ற சொல்லின் மேல் எனக்கு இப்போது கண்.

---

மெல்லேடு எழுதியது:

"அதே" தவறு. நான் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் பிரிவில் இருப்பவன். இதில் எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

முதலில் அவசரக்காரன் சொன்னது. மருந்தே இல்லாமல் தூய நீரைக் கண்ணாடியாக்க முடியும். நாங்கள் தினமும் செய்கிறோம். நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற ஒழுங்கில் குளிர்வித்தால் போதும். அதற்காக மாதிரியை மைக்ரோமீட்டருக்கும் மெல்லிய படலமாக்குகிறோம். முக்குவதும் திரவ நைட்ரஜனில் அல்ல, அதனால் குளிர்விக்கப்பட்ட திரவ ஈத்தேனில். நைட்ரஜனில் சூடான பொருளைப் போட்டால் அதைச் சுற்றி உடனே ஆவிப் போர்வை ஒன்று உண்டாகும். காய்ந்த வாணலியில் விழுந்த நீர்த்துளி மிதந்து ஓடுமே, அதன் மறுபக்கம். அந்தப் போர்வை வெப்பத்தை வெளியே விடாது. இந்த வித்தையைக் கண்டுபிடித்த ஜாக் டுபோஷேவுக்கு 2017இல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. படலத்துக்கு நடக்கிற இது, ஒரு மூளைக்கு நடக்க வாய்ப்பே இல்லை.

கணக்கு இது: மனித முட்டையின் விட்டம் சுமார் 0.12 மில்லிமீட்டர். மூளை ஏறத்தாழ அதைப்போல் ஆயிரம் மடங்கு அகலம். வெப்பம் ஒரு பொருளின் நடுவிலிருந்து வெளியேற எடுக்கும் நேரம் அகலத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆயிரம் மடங்கு அகலம் என்றால் பத்து லட்சம் மடங்கு நேரம். வெளியே என்ன குளிரை வைத்தாலும் மூளையின் மையத்தை மணிக்கணக்கில்தான் குளிர்விக்க முடியும். அப்படி மெதுவாகக் குளிரும்போதும் பனி தோன்றாதிருக்க வேண்டுமானால் மருந்தின் செறிவை மிகவும் உயர்த்த வேண்டும். குளிர்ப்பேழை சொன்ன நஞ்சு அங்கே காத்திருக்கிறது.

அதனால் என் கட்சி வேறு. 2015இல் மெக்கின்டயரும் ஃபாகியும் ஒரு வழி காட்டினார்கள். முதலில் ரத்த நாளங்கள் வழியாகக் குளூட்டரால்டிஹைடைச் செலுத்தி, புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, மூளையை நின்ற நிலையில் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு அவசரமே இல்லை. எத்திலீன் கிளைக்காலைச் சாவகாசமாக 65 சதவீதம் வரை ஏற்றி −135 டிகிரியில் கண்ணாடியாக்கலாம். பனியும் இல்லை, சுருக்கமும் இல்லை. முயல் மூளைக்காக 2016இலும் பன்றி மூளைக்காக 2018இலும் மூளைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் பரிசுகள் இந்த முறைக்குத்தான் கிடைத்தன. அந்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் சினாப்ஸ்களின், அதாவது நரம்புச் செல்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களின், விளிம்புகூடக் கலையாமல் இருந்தது. இத்தனை வருடம் மெல்லிய ஏடுகளை வெட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பாடப்புத்தகப் படம் மாதிரி இருந்தது.

---

குளிர்ப்பேழை எழுதியது:

மெல்லேடு ஐயா, படம் அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பிணைத்துவைத்த திசு அந்த நிமிடமே உயிரியல் கணக்கில் முடிந்துவிட்டது. குளூட்டரால்டிஹைடு பட்ட ஒரு முட்டையிலிருந்து எந்தக் கருவியலாளரும் கருவை வளர்க்க முடியாது. அமைப்பைக் காத்தால் போதும், அதைப் படித்து வேறு எங்காவது திரும்ப எழுதிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு அது விடை. அதே உடல் கண் விழிக்க வேண்டும் என்பவர்களுக்கு விடையே அல்ல. இதில் எந்தப் பக்கம் நிற்பது என்பது ஆய்வகத்தில் தீரும் வழக்கு அன்று, அதனால் விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. இங்கே எல்லோரும் குளிர்விப்பதைப் பற்றியே பேசுகிறோம். பனி பெரும்பாலும் திரும்பி வரும் வழியில்தான் ஆளைப் பிடிக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயிற்சிக்காகத் தரப்பட்ட முதிராத முட்டை ஒன்று. மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் நுனியில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு கரைசலோடு வைத்துக் கண்ணாடியாக்கியிருந்தேன். மறுநாள் மீட்க வேண்டும். பட்டையைத் திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்து ஒரு நொடிக்குள் 37 டிகிரிக் கரைசலில் போட வேண்டும் என்பது விதி. நானோ, பட்டையில் எழுதியிருந்த எண் சரிதானா என்று வெளியே தூக்கிப் பிடித்துப் படித்தேன். மூன்று நொடியோ நான்கு நொடியோ இருக்கும். கண்ணெதிரே அந்தத் தெளிந்த துளி பால் விழுந்ததுபோல் வெளுத்தது. கரைசலில் போட்ட பிறகு முட்டை மங்கிய பழுப்பு உருண்டையாகக் கிடந்தது. நேற்று முழுக்கப் பனியின்றி உறங்கியதுதான்; எண்ணைப் படித்த நேரத்தில் பனியாகிச் செத்தது. இன்றுவரை எண்ணை நைட்ரஜன் ஆவிக்குள் குனிந்துதான் படிக்கிறேன். மூக்குக்கண்ணாடியில் பனி படிந்தாலும் சரி.

நடந்தது என்னவென்றால், கண்ணாடி நிலைக்கு அருகில், மிகத் தாழ்ந்த வெப்பநிலையில், பனியின் கருக்கள், அதாவது படிகம் தொடங்கும் நுண்புள்ளிகள், உண்டாகும். ஆனால் பாகு அவ்வளவு இறுக்கமாக இருப்பதால் அவற்றால் வளர முடியாது. வளர ஏற்ற வெப்பநிலை அதற்கு மேலே இருக்கிறது. குளிரும்போது வளரும் பகுதியை முதலில் கடந்துவிட்டுப் பிறகு கரு உண்டாகும் பகுதிக்கு வருகிறோம், அதனால் தப்பிக்கிறோம். சூடேறும்போது வரிசை தலைகீழ். தயாராக இருக்கும் லட்சக்கணக்கான கருக்களோடு வளரும் பகுதிக்குள் நுழைகிறோம். ஆகவே மீட்கும் வேகம் குளிர்வித்த வேகத்தைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும். உறுப்பு ஆய்வில் பெயர்பெற்ற விஎஸ்55 என்ற கரைசலைக் குளிர்விக்க நிமிடத்துக்கு 2.5 டிகிரி போதும். மீட்க நிமிடத்துக்கு 50 டிகிரிக்கு மேல் கேட்கும். எலி முட்டைகளில் 2009இல் மேசரும் செகியும் காட்டியது இதைவிடத் தெளிவு: மெதுவாகக் குளிர்வித்தவைகூட, மிக வேகமாக மீட்டால் பிழைத்தன, வேகமாகக் குளிர்வித்தும் மெதுவாக மீட்டவை செத்தன.

ஒரு முட்டையைச் சூடான கரைசலில் போட்டால் ஆயிற்று. ஒரு சிறுநீரகத்தை அப்படிப் போட்டால் வெளிப்புறம் உருகி உள்ளே கண்ணாடியாகவே இருக்கும். இடையில் பனியும் விரிசலும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை மருந்தோடு சேர்த்து ரத்த நாளங்களுக்குள் அனுப்பிவிட்டு, மாறும் காந்தப்புலத்தில் வைப்பது. துகள்கள் உள்ளிருந்தே எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் சூடேறும். 2023இல் வெளியான ஆய்வில், 100 நாள் வரை கண்ணாடி நிலையில் இருந்த எலிச் சிறுநீரகங்களை இப்படி மீட்டு, சொந்தச் சிறுநீரகம் அகற்றப்பட்ட எலிகளுக்குப் பொருத்தினார்கள்; அவை வேலை செய்தன. எலியின் சிறுநீரகம் என்ன அளவு என்று ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். மூளை அதற்கு எத்தனையோ படி மேலே.

கிரையோனிக்ஸ்காரர்கள் பயன்படுத்தும் முக்கியக் கலவைகளில் ஒன்று எம்22. −22 டிகிரியில் செலுத்துவதற்காக வடிவமைத்ததால் அந்தப் பெயர். டைமெத்தில் சல்பாக்சைடு, ஃபார்மமைடு, எத்திலீன் கிளைக்கால், மேலே சொன்ன பாலிமர்கள் எல்லாம் அதில் உண்டு. இதில் ஒரு விந்தை, ஃபார்மமைடின் நஞ்சை டைமெத்தில் சல்பாக்சைடு தணிக்கிறது; இரண்டும் சேர்ந்தால் ஃபார்மமைடு தனியாக இருப்பதைவிட மென்மை. இதனால் கண்ணாடியாக்கிய ஒரு முயல் சிறுநீரகத்தை ஃபாகி குழுவினர் திரும்பப் பொருத்தினார்கள். அந்த ஒரே சிறுநீரகத்தோடு முயல் 48 நாள் வாழ்ந்தது, பிறகு ஆய்வுக்காக அவர்களே முடித்துவைத்தார்கள். 2009இல் வெளியான செய்தி. எல்லோரும் 48 என்ற எண்ணைச் சொல்வார்கள். அதே கட்டுரையில் சிறுநீரகத்தின் உள்மையப் பகுதிக்கு மருந்து போதுமான அளவு போகாமல் அங்கே பனி உண்டானதும் இருக்கிறது. மருந்து எட்டாத இடத்தில் பனி. இந்தத் துறையின் தலைவலி முழுவதும் அந்த ஒரு வரிதான்.

நல்ல உறுப்பை, நல்ல நிலையில், அறுவை அரங்கில் எடுத்தபோதே இப்படி. கிரையோனிக்ஸில் வருபவர் ஏற்கனவே இறந்தவர். இதயம் நின்று நேரமானால் நுண்ணிய நாளங்கள் அடைபட்டுவிடும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் கரைசல் அந்த வட்டாரத்துக்குப் போகாது. அதனால்தான் சட்டப்படி இறப்பு அறிவித்த நிமிடத்திலிருந்து மார்பை அமுக்குவது, பனிநீரில் கிடத்துவது, ரத்தம் உறையாமல் ஹெப்பாரின் கொடுப்பது என்று ஓடுகிறார்கள். கரைசலின் செறிவைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே, மருந்து எவ்வளவு ஏறியது என்று அறியத் திரும்பி வரும் கரைசலின் ஒளிவிலகலை அளப்பார்கள். மண்டையோட்டில் சிறு துளையிட்டு மூளையின் மேற்பரப்பையும் பார்ப்பார்கள். மருந்து நன்றாக ஏறினால் மூளை சுருங்கி ஓட்டிலிருந்து விலகும். உங்கள் இதழ்தான் ஐயா! ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவர் மருந்தை எளிதில் உள்ளே விடுவதில்லை; நீரை மட்டும் வெளியே விடுகிறது. அந்தச் சுருக்கம் பனியைத் தடுக்க உதவுகிறது என்பதும் உண்மை, அதுவே ஒரு சேதம் என்பதும் உண்மை.

விரிசலையும் சொல்லிவிடுகிறேன். எம்22 −123 டிகிரி வாக்கில் கண்ணாடியாகிறது. அதிலிருந்து −196 வரை இன்னும் எழுபது டிகிரிக்கு மேல் இறக்கும்போது ஓரம் முந்திச் சுருங்கும், நடு பிந்திச் சுருங்கும், கண்ணாடி கீறிவிடும். அந்தக் கீறல் ஒலியைப் பதிவு செய்யவே கருவி வைத்திருக்கிறார்கள். −135, −140 என்று நிறுத்திவைத்தால் கீறல் குறையும்; ஆனால் நைட்ரஜனில் அமிழ்த்தி மூடுவதுபோல் எளிதன்று, மின்சாரமும் கண்காணிப்பும் ஓயாமல் வேண்டும்.

கண்ணாடியாக்கிய பாலூட்டியின் உடலையோ, ஒரு முழு மூளையையோ இதுவரை யாரும் எழுப்பியதில்லை. உங்கள் கட்டுரையாளர் இதை எங்காவது சொல்லியிருக்கிறாரா, பாருங்கள்.

---

அவசரக்காரன் எழுதியது:

அப்படியானால் 1967இல் முதன்முதலாக வைக்கப்பட்ட ஜேம்ஸ் பெட்ஃபோர்டுக்கு என்ன நிலைமை? அப்போது கண்ணாடியாக்கமே கிடையாதே.

---

குளிர்ப்பேழை எழுதியது:

கிடையாது தம்பி. டைமெத்தில் சல்பாக்சைடை ஊசியாகப் போட்டார்கள், அவ்வளவுதான். இன்று செய்வதுபோல் நாளங்கள் வழியாக முழுமையாக மாற்றவில்லை. பனி நிறைந்திருக்கும் என்றுதான் கொள்ள வேண்டும். அவரைப் பார்த்து யாரும் இன்றைய முறையை எடைபோடக் கூடாது, இன்றைய முறையைப் பார்த்து அவருக்கு நம்பிக்கை கொடுக்கவும் கூடாது.

---

பிழைதிருத்தி எழுதியது:

கட்டுரை நேற்று அச்சுக்குப் போய்விட்டது. நடந்ததைச் சொல்ல வேண்டும் அல்லவா.

கட்டுரையாளரிடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். "இடம் இல்லை, வரி கூடக் கூடாது" என்றார். அரை மணி நேரம் வாதாடியதில், "வெடித்துச் சிதறுகிறது" போய் "வற்றி நசுங்குகிறது" வந்தது. எழுத்து எண்ணிக்கை குறைந்ததால் சம்மதித்தார். பாட்டில் உவமை போயிற்று. இரண்டாம் பக்கத்து "அதே" என்பதை வெட்டினேன், அவர் கவனிக்கவில்லை. அங்கே மிச்சமான இடத்தில் "முழு மூளை எதுவும் இதுவரை மீளவில்லை" என்று ஐந்து சொல் நுழைத்தேன். அதைக் கவனித்தார். சிறிது நேரம் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றார்.

நடுவில் மூன்றாவது இதழ் ஒன்றையும் போட்டேன். இம்முறை அம்மா சொன்னபடி: நூற்றுக்குப் பத்து கிளிசரினில் ஒரு நாள், இருபதில் ஒரு நாள், இப்படி ஐந்து படிகள். பிறகுதான் ஃப்ரீசர். வெளியே எடுத்தபோது சுருக்கம் மிகக் குறைவு. விரலில் வைத்தால் ஏறத்தாழ இதழாகவே நின்றது. ஆனால் ஓரம் நெடுகப் பழுப்பு. இரண்டாவது இதழுக்கு அந்தப் பழுப்பு இல்லை. இது எங்கிருந்து வந்தது? இன்னும் தண்ணீரில் போடவில்லை, கிளிசரினிலேயே மிதக்கிறது.

---

குளிர்ப்பேழை எழுதியது:

ஐந்து நாள் ஊறினால் வேறு என்ன வரும் ஐயா? பனியிலிருந்து தப்பித்து மருந்திடமும் நாட்களிடமும் மாட்டிக்கொண்டது. ஃப்ரீசரில் வைக்காமல் வெளியே அதே கிளிசரினில் ஐந்து நாள் ஒரு இதழை வைத்துப் பாருங்கள். அதற்கும் பழுப்பு வந்தால் குளிரின் மேல் பழியில்லை.

இப்போதிருக்கும் இதழைத் தண்ணீரில் போடாதீர்கள். ஏறிய படிகளிலேயே இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சர்க்கரையும் கரைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை செல்லுக்குள் போகாது, வெளியே நின்று தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாங்களும் முட்டையை மீட்கும்போது சுக்ரோஸில்தான் இறக்குகிறோம். முதல் படியில் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.